வியாழக்கிழமைக் கட்டம்

தர்மராஜ் வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் முதலில் செய்யவேண்டிய காரியம் வாயைத் திறந்து காட்டுவது. செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால், கைகால் கழுவுவதற்கு முன்னால், நிலைப்படிக்கு உள்ளே ஓரடி வைத்து நின்று மனைவி அமிர்தத்தின் முகத்துக்கு நேராக ‘ஹா’ என்று ஊதவேண்டும். அமிர்தம் மோந்து பார்ப்பாள். பிறகு ஆணியில் தொங்கும் மஞ்சள் அட்டையை எடுத்து, அன்றைய தேதிக்குரிய கட்டத்தில் பென்சிலால் ஒரு சரி போடுவாள். அதற்கப்புறம்தான் காப்பி.

ஸ்ரீரங்கம் மூலத்தோப்பில் ஓர் ஓட்டு வீட்டின் பின்பகுதியில் அவர்கள் குடியிருந்தார்கள். முன்பகுதியில் இருந்த ராக்கம்மாள் ஒருநாள் உப்பு வாங்க வந்தவள் இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போய்விட்டாள். மறுநாள் குழாயடியில் பிடித்துக்கொண்டாள்.

“கல்யாணமாகிப் பதினோரு வருஷமாச்சு. இன்னும் வாசல்லயே வச்சுக் கொஞ்சணுமாடி உங்களுக்கு?”

“ஆமாக்கா, கொஞ்சலுக்குத்தான் இங்க பஞ்சம்” என்று சொல்லிவிட்டு அமிர்தம் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். வேறென்ன சொல்வது?

அந்த அட்டை பாலக்கரை செல்வமேரியுடையது. செல்வமேரி பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். மதுவிலக்குக் கேஸில் சிறைக்குப் போய்த் திரும்பும் ஆட்களுக்கு யாரும் வேலை கொடுப்பதில்லை என்பதைப் பார்த்துப் பார்த்து மனசு கேட்காமல், நாலு பேரிடம் உதவி கேட்டு ஒரு சின்ன சங்கம் ஆரம்பித்திருந்தார். சங்கம் என்றால் ஒரு வாடகை அறை, ஒரு மேஜை, ஓர் அலமாரி, அவர். மில்லிலோ மண்டியிலோ முதலாளிகளைப் பார்த்துப் பேசி ஆளைச் சேர்த்துவிடுவார். முதலாளி நம்பவேண்டுமே, அதற்குத்தான் அட்டை. ஆறு மாதத்துக்குக் கட்டம் போட்டிருக்கும். ஆள் குடிக்காமல் வந்தான் என்று வீட்டுப் பெண் தினமும் சரி போடவேண்டும். சனிக்கிழமை சனிக்கிழமை அதைக் கொண்டுவந்து காட்டவேண்டும். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் சங்கம் கையை விரித்துவிடும். முதலாளி ஆளை நிறுத்திவிடலாம். ஆறு மாதம் நிரம்பினால் வேலை நிரந்தரம்.

இது அறுபத்து நாலாம் வருஷம். ராஜ்யம் முழுக்க மதுவிலக்கு. கடை கிடையாது, கள் கிடையாது. ஆனாலும் குடிப்பவர்கள் குடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். உப்பிலியபுரத்துக்கு அந்தப் பக்கம் மலையடிவாரத்தில் காய்ச்சியது சைக்கிள் ட்யூபில் திருச்சிக்கு வரும் என்று சொல்வார்கள். தர்மராஜுக்கு அந்தச் சிரமம்கூட இருந்ததில்லை. அவன் மரச்சாமான்களுக்கு பாலிஷ் போடுகிறவன். பாலிஷ் என்பது ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. அவனுக்கு வேலையும் குடியும் ஒரே பாட்டிலில் இருந்தன. நாலு கடைகளில் வேலை போய், இரண்டு தடவை உள்ளே போய்வந்து, மூன்று வருஷம் சும்மா இருந்தான். அமிர்தம் தையல் மெஷினை மிதித்துக் குடும்பத்தை ஓட்டினாள். ஒரே பெண் வள்ளிக்கண்ணுவைத் தொட்டியத்திலிருந்து அமிர்தத்தின் அண்ணன் வந்து அழைத்துக்கொண்டு போய்விட்டார். “ஒம் புருஷன் மனுஷனா ஆனப்புறம் வந்து கூட்டிக்க” என்றார். அண்ணன் பேச்சு எப்போதும் அப்படித்தான். ஆனால் பெண்ணை நன்றாகத்தான் வைத்திருந்தார்.

செல்வமேரி முதலில் அவனை ஓர் அரிசி மில்லில் காவலுக்குச் சேர்த்தார். ஒன்பது நாள்தான் தாங்கியது. பிறகு வாழைக்காய் மண்டியில் மூட்டை இறக்க. ஐந்து நாள்.

“கை சும்மா இருந்தா எனக்கு அதே நெனப்புதான் சிஸ்டர். எனக்குத் தெரிஞ்ச வேலையக் குடுத்துப் பாருங்களேன்” என்றான் தர்மராஜ்.

செல்வமேரி இரண்டு நாள் யோசித்தார். அப்புறம் உறையூரில் மரச்சாமான் கடை வைத்திருந்த அடைக்கலராஜிடம் போய்ப் பேசினார். கைலாசபுரத்தில் தொழிற்சாலைக்காரர்களுக்காகப் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த வீடுகளுக்கு மேஜையும் பீரோவும் செய்துகொடுக்கும் வேலை அடைக்கலராஜுக்குக் கிடைத்திருந்த சமயம். நல்ல கை அகப்படாமல் தவித்துக்கொண்டிருந்தார். அதனால் ஒத்துக்கொண்டார்.

இப்படியாக டிசம்பர் முதல் தேதி அட்டை தொடங்கியது. மே முடிந்தால் அட்டை முடியும். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது வள்ளிக்கண்ணு வந்துவிடலாம். அமிர்தம் அட்டையைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குக் கடைசிக் கட்டம்தான் கண்ணில் படும்.

ஆனால் முதல் நாளே சிக்கல். வேலைக்குப் போய்த் திரும்பியவன் வாசலில் நின்று ஊதியதும் அமிர்தம் ஓரடி பின்வாங்கினாள். அதே நெடி.

“முதல் நாளே ஆரம்பிச்சிட்டீங்களா?”

“ஐயோ, பாலிஷ் ரூம்ல எட்டு மணி நேரம் நின்னுட்டு வரேன்டி. சட்டை, கை, தலைமயிரு எல்லாம் அதுதான் அடிக்கும். மல்லிகைப்பூவா மணக்கும்?”

சனிக்கிழமை செல்வமேரியிடம் சொன்னாள். அவர், “சட்டைய விட்டுட்டு வாய மட்டும் மோந்து பாரும்மா” என்றார். அட்டையின் விதி மூட்டை தூக்குகிறவர்களையும் மில் ஆட்களையும் மனதில் வைத்து ஏற்படுத்திய விதி. பாலிஷ்காரனுக்கு அது எப்படிப் பொருந்தும் என்று அவரும் யோசிக்கவில்லை, இவளும் மேற்கொண்டு கேட்கவில்லை. வாயை மட்டும் மோந்து பார்க்கிற வித்தை அமிர்தத்துக்குக் கைவரவில்லை. நடையைப் பார்த்தாள், பேச்சைப் பார்த்தாள், சாப்பிடுகிற அளவைப் பார்த்தாள், குத்துமதிப்பாகச் சரி போட்டாள். எழுபத்து நான்கு நாள் அப்படியே ஓடியது.

அந்த நாட்களில் தர்மராஜ் மிகவும் நல்லவனாக இருந்தான். சாம்பாரில் உப்புக் கூடிப்போனால் முகம் சுளிப்பான், ஏதோ சொல்ல வாயெடுப்பான், பார்வை ஆணிப் பக்கம் போகும், பேசாமல் சாப்பிட்டு எழுந்துவிடுவான். தண்ணீர் தூக்கி வைத்தான். அவள் தைத்த ரவிக்கைகளுக்குப் பொத்தான்கூட வைத்துக் கொடுத்தான். ராக்கம்மாள், “நல்லா மசிச்சு வச்சிருக்கடி” என்றாள். அமிர்தத்துக்குச் சந்தோஷமாகத்தான் இருந்திருக்கவேண்டும். இந்த மரியாதை தனக்கா பென்சிலுக்கா என்ற சந்தேகம் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் சந்தோஷமாகவே இருந்திருக்கும்.

எழுபத்தைந்தாம் நாள் ஒரு வியாழக்கிழமை. வழக்கமாக ஆறரைக்கு வருகிறவன் அன்று ஏழரைக்கு வந்தான். கண் சிவந்திருந்தது. ஊதினான். அதே நெடிதான். ஆனால் ஊதிய பிறகு அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“ஏன் இவ்வளவு நேரம்?”

“வேலை ஜாஸ்தி.”

“கண்ணு ஏன் செவந்திருக்கு?”

“பொகை.”

“சாப்பிட வாங்க.”

“பசிக்கல” என்று சொல்லிப் பாயை விரித்துவிட்டான்.

அமிர்தம் அட்டையை எடுத்தாள். பென்சிலையும் எடுத்தாள். கை ஓடவில்லை.

“என்னங்க, ஒரு வார்த்தை சொல்லுங்க. இல்லேன்னு சாமி மேல சத்தியம் பண்ணுங்க. நான் போட்டுடறேன்.”

“சத்தியமெல்லாம் கேட்காத. நூறு சத்தியம் பண்ணியாச்சு. எது நின்னுச்சு?” என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

கட்டம் காலியாகவே நின்றது. காலையில் எழுந்ததும் அவன் அட்டையைப் பார்த்தான். சட்டையை மாட்டிக்கொண்டு, எடுத்துவைத்த சாப்பாட்டுத் தூக்கைத் தொடாமல், சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நாளை சனிக்கிழமை. அட்டையைக் காட்டவேண்டும். அவன் குடித்திருந்தால் சரி போடுவது பாவம். குடிக்காமல் இருந்து சரி போடாமல் விட்டால் அதைவிடப் பெரிய பாவம். தையலில் உட்கார்ந்து பார்த்தாள். ஒரு ரவிக்கைக்கு இரண்டு இடது கையாக வெட்டிவிட்டாள். போதும் என்று எழுந்து, அட்டையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, சாப்பாட்டுத் தூக்குடன் பஸ் ஏறினாள். சாப்பாடு கொடுப்பது சாக்கு. அவன் வேலை செய்கிற இடத்தை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடவேண்டும்.

கடை முகப்பில் அடைக்கலராஜ் யாரோ ஒரு வாடிக்கைக்காரரிடம் தேக்குக்கும் வேங்கைக்கும் வித்தியாசம் சொல்லிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும், “தர்மராஜ் வீட்டம்மாவா? பின்னால போங்கம்மா. கதவைத் தொறந்ததும் உடனே சாத்திடணும். தூசி வந்துடும்” என்றார்.

பாலிஷ் அறை பின்னால் இருந்தது. ஜன்னல்களில் கோணி அடித்திருந்தார்கள். உள்ளே தர்மராஜும் காத்தமுத்து என்ற இன்னொரு பாலிஷ்காரரும் இருந்தார்கள். கதவைச் சாத்தியதும் நெடி முகத்தில் அறைந்தது.

“சாப்பாடு” என்றாள்.

“இரு. இப்ப கை எடுக்க முடியாது. பாதியில நின்னா மார்க் விழுந்துடும்” என்றான் அவன், திரும்பாமலே.

அவள் ஒரு கவிழ்த்த பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் வேலை செய்து அவள் பார்த்ததில்லை. வெள்ளைத் துணியில் சுற்றிய பஞ்சுப் பொட்டலத்தைப் பாலிஷில் தொட்டு மேஜையின் மேல் வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே போனான். கை ஓரிடத்திலும் தயங்கவில்லை. அது போன இடமெல்லாம் மரம் தண்ணீரில் நனைந்த மாதிரி இருண்டு, பிறகு உள்ளிருந்து விளக்கு ஏற்றின மாதிரி வெளிச்சமானது. இந்த மனிதன் கை இப்படியும் அசையுமா என்று அவளுக்கு இருந்தது. பெண் பார்க்க வந்த அன்று காப்பி தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சூடு தாங்காமல் விழித்தவன் ஞாபகத்துக்கு வந்தான்.

“தங்கச்சி, ஜாக்கிரதை. இந்த ரூம்ல ஒரு மணி நேரம் ஒக்காந்தா ஓசியிலயே ஏறிடும்” என்றார் காத்தமுத்து.

“ஜன்னலத் தொறந்து வைக்கக் கூடாதாண்ணே?”

“தொறந்தா உறையூர் தூசியெல்லாம் மேஜையில வந்து ஒக்காரும். நம்ம நெஞ்சுல ஒக்காந்தா மொதலாளிக்கு என்ன நஷ்டம்?”

அவர் விளையாட்டாகச் சொன்னது போகப் போக விளையாட்டாக இல்லை. அமிர்தத்துக்குக் கண் எரிந்தது. நெற்றிப்பொட்டு விண்விண்ணென்றது. பெட்டியிலிருந்து எழுந்தபோது தரை லேசாகச் சாய்ந்தது. சுவரில் மாட்டியிருந்த ரசம்போன கண்ணாடியில் பார்த்தாள். கண் இரண்டும் செக்கச் செவேலென்று இருந்தன. நேற்று அவன் கண் இருந்த மாதிரியே.

அவன் கிட்டே போய், காத்தமுத்து காதில் விழாதபடி, “உங்களைத் தப்பா நெனச்சுட்டேன்” என்றாள்.

தர்மராஜ் திரும்பவில்லை. கை மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. வேலையில் இருக்கிறான், பேச முடியாது என்று அவளே சமாதானம் செய்துகொண்டாள். தூக்கைப் பெட்டி மேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

பாலக்கரை பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் மூக்கைச் சுளித்து, முந்தானையால் பொத்திக்கொண்டு, எழுந்து முன் ஸீட்டுக்குப் போய்விட்டாள். கண்டக்டர் டிக்கெட் கிழித்தவர் ஒரு வினாடி நின்றார். அவள் கண்ணைப் பார்த்தார்.

“என்னம்மா இது, பொம்பளை, பட்டப்பகல்ல? போலீஸ்காரன் யாராவது ஏறினா எனக்கும் சேர்த்துக் கேஸு. அடுத்த ஸ்டாப்ல எறங்கிடுங்க.”

“நான் எங்க வீட்டுக்காரருக்குச் சாப்பாடு கொண்டுபோனேங்க. பாலிஷ் கடைக்கு.”

“எல்லாரும் ஏதோ ஒரு கடை சொல்றீங்க” என்று அவர் விசிலை ஊதிவிட்டார். அமிர்தம் இறங்கி மீதி தூரத்தை வெயிலில் நடந்தாள். அவமானம் ஒரு பக்கம் இருந்தது. ஆனால் அதைவிட ஒரு வேகம் அவளைத் தள்ளிக்கொண்டு போனது.

செல்வமேரி அறையில் தனியாக உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். மூக்கு விடைத்தது. பேனாவைக் கீழே வைத்தார்.

“அமிர்தம், நீயுமா?”

“நீங்களே சொல்லுங்க சிஸ்டர். நான் குடிச்சிருக்கேனா? கிட்ட வரேன், நல்லா மோந்து பாருங்க.” அமிர்தம் மேஜையைச் சுற்றி வந்து அவர் முகத்துக்கு நேராக ‘ஹா’ என்று ஊதினாள்.

செல்வமேரி மோந்து பார்த்தார். அவர் ஆஸ்பத்திரியில் இருந்த காலத்தில் போலீஸார் ஆட்களைப் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். டாக்டர் மோந்து பார்த்துச் சர்ட்டிபிகேட் எழுதும்போது பக்கத்தில் நின்றவர் அவர். மறுபடியும் ஒரு தடவை மோந்து பார்த்தார்.

“தெரியலையே அம்மா” என்றார் கடைசியில். “எங்கேயிருந்து வர?”

அமிர்தம் எல்லாவற்றையும் சொன்னாள். அட்டையை எடுத்து மேஜை மேல் வைத்தாள். “இதுல இருக்கிற எழுபத்து நாலும் நான் கண்ண மூடிக்கிட்டுப் போட்டது. நேத்துப் போடல. இனிமே நான் போட மாட்டேன் சிஸ்டர்.”

“போடலேன்னா வேலை போயிடும். தெரியுமில்ல?”

“தெரியும். பென்சிலை அவர்கிட்டயே குடுத்துடறேன். அவரே போட்டுக்கட்டும்.”

“குடிக்கிறவன் கையில பென்சிலா? எல்லாக் கட்டத்துலயும் சரி போட்டுட்டுப் போயிடுவான்.”

“போட்டா போடட்டும். நான் மட்டும் வேற என்ன பண்ணினேன்?”

செல்வமேரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார். “நாளைக்கு ரெண்டு பேருமா வாங்க. அட்டையும் வரட்டும். இதுக்கு மேல இப்ப எனக்குச் சொல்லத் தெரியல” என்றார்.

அன்று சாயங்காலம் தர்மராஜ் ஆறரைக்கு வந்தான். பழக்கப்படி வாயைத் திறந்துகொண்டு நின்றான்.

“அதெல்லாம் வேணாம்” என்றாள் அமிர்தம். அட்டையையும் பென்சிலையும் அவன் கையில் கொடுத்தாள். “நேத்துக் கட்டம் காலியா இருக்கு. அதையும் போட்டுடுங்க, இன்னைக்கும் போட்டுடுங்க. இனிமே நீங்கதான். சிஸ்டர்கிட்ட சொல்லிட்டேன்.”

அவன் அட்டையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். அவள் காப்பி கலக்க உள்ளே போனாள். வெகு நாளைக்கப்புறம் அவளுக்கு மனசு லேசாக இருந்தது. தம்ளரில் ஆற்றும்போது தானாக ஏதோ ஒரு பாட்டு வாயில் வந்தது. தொட்டியத்துக்கு நாளைக்கே ஒரு கார்டு போட்டுவிடவேண்டும், வள்ளிக்கண்ணுவின் பள்ளிக்கூடச் சர்ட்டிபிகேட்டை அண்ணன் முன்கூட்டியே வாங்கிவைக்கட்டும் என்று நினைத்துக்கொண்டே வந்தாள்.

அட்டை ஜன்னல் கட்டையில் இருந்தது. வெள்ளிக்கிழமையில் ஒரு சரி. வியாழக்கிழமைக் கட்டத்தில் மூலைக்கு மூலை ஒரு பெருக்கல் குறி.

“இது என்னங்க?”

“பார்த்தா தெரியல?”

“வெளையாடாதீங்க.”

“வெளையாடல. நேத்து எல்லாரும் போனப்புறம் பாட்டில் அடியில கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. எழுபத்தஞ்சு நாளா தினமும் மிச்சம் இருக்கும். தினமும் மூடி வச்சிட்டு வந்துடுவேன். நேத்து மூட வரல. ரெண்டு முழுங்கு. அப்புறம் பயந்து கீழ ஊத்திட்டேன். பொன்னகரம் வரைக்கும் சைக்கிள மிதிச்சு, சுத்தி வந்தேன். தெளிஞ்சப்புறம் வரலாம்னு.”

அமிர்தம் காப்பியைக் கீழே வைத்தாள்.

“மத்தியானம் அங்க வந்து, தப்பா நெனச்சுட்டேன்னு சொன்னேனே. அப்ப வாயத் தொறந்தா என்ன?”

“அப்ப அட்டை உங்கிட்ட இருந்துச்சு.”

“இப்ப?”

“இப்ப எங்கிட்டயில்ல இருக்கு? நானே போடணும்னு குடுத்துட்ட. எங்கைப்பட எப்படிச் சரின்னு போடறது?”

அவளுக்கு வந்த கோபம் எப்படிப்பட்ட கோபம் என்று அவளுக்கே விளங்கவில்லை. “பதினோரு வருஷமா பொய்யா சொன்னீங்க! ஜெயில் வாசல்ல நின்னு சொன்னீங்க, கோயில்ல நின்னு சொன்னீங்க. இன்னைக்கு ஒரு நாள் சொல்ல வரலையா உங்களுக்கு? நான்தான் முழுசா நம்பிட்டேனே! யாருக்குத் தெரிஞ்சிருக்கும்? பொண்ணு ஜூன்ல வந்திருக்குமே!”

அவன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். அழவில்லை. முன்பெல்லாம் குடித்துவிட்டு வந்து காலில் விழுந்து அழுவான். இப்போது காப்பியை எடுத்துக் குடித்தான்.

அவள் தையல் பெட்டியிலிருந்து, துணியில் போட்ட கோடு அழிக்கும் ரப்பரை எடுத்தாள். பென்சில் கோடுதானே. தடம் தெரியாமல் போய்விடும்.

“அழிக்கணும்னா அழி. உன் இஷ்டம். ஆனா அப்புறம் நான் அதுல எதுவும் போட மாட்டேன்” என்றான் அவன்.

அவள் ரப்பரைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். முன்வீட்டில் ராக்கம்மாள் முறத்தில் எதையோ புடைக்கிற சத்தம் கேட்டது. அவள் ரப்பரைப் பெட்டியில் போட்டு மூடினாள். அன்று அவளும் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை அரைநாள் லீவு கேட்டுக்கொண்டு தர்மராஜ் பாலக்கரைக்கு வந்தான். அமிர்தம் தனியாக பஸ்ஸில் வந்தாள். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. செல்வமேரியின் மேஜைக்கு முன்னால் இரண்டு ஸ்டூல்களில் உட்கார்ந்தார்கள்.

செல்வமேரி அட்டையை வாங்கிப் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“இது யார் போட்டது?”

“நான்தான் சிஸ்டர்” என்றான் தர்மராஜ்.

“தெரிஞ்சே போட்டியா?”

“ஆமா.”

அவர் எழுந்து அலமாரியைத் திறந்தார். ஒரு கட்டு மஞ்சள் அட்டைகளைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தார். “பத்தொம்பது அட்டை இருக்கு. ஒவ்வொண்ணா பாருங்க. ஒண்ணுலயாவது ஒரு தப்புக் குறி இருக்கா? எல்லாம் சரி சரி சரி. அதுல பதினோரு பேர் இப்ப மறுபடியும் உள்ள இருக்காங்க. வீட்டுப் பொம்பளைங்க பாவம், வேலை போயிடும்னு போட்டுப் போட்டு அனுப்பினாங்க. நானும் வாங்கி வாங்கி அடுக்கினேன்.” கட்டின் மேல் கையை வைத்து அழுத்தினார். அவருக்கு வயது அறுபதுக்கு மேல். அன்று இன்னும் கொஞ்சம் கூடத் தெரிந்தது.

“வேலை போச்சா சிஸ்டர்?” என்றாள் அமிர்தம். சொல்கிற விஷயத்தைச் சீக்கிரம் சொல்லிவிட்டால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

“விதிப்படி போச்சு. விதி நான் போட்டது. என் விதியில கண்ணும் இல்ல மூக்கும் இல்லன்னு நேத்து நீ வந்து காட்டிட்டுப் போன.” செல்வமேரி குடையை எடுத்துக்கொண்டார். “வாங்க, உறையூருக்குப் போவோம். அடைக்கலராஜ் என்ன சொல்றாரோ, அதுதான்.”

அடைக்கலராஜ் அட்டையைப் பார்த்துவிட்டு முதலில் சத்தம் போட்டார். என் கடை, என் பாட்டில், என் ஸ்பிரிட் என்றார். போலீஸ் வந்தால் லைசென்ஸ் போகும் என்றார். அது நியாயமான பயம்தான். செல்வமேரி குறுக்கே பேசவில்லை. எல்லாம் கொட்டி முடித்ததும், “நீங்களாவா கண்டுபிடிச்சீங்க?” என்று மட்டும் கேட்டார்.

“இல்ல.”

“நான் கண்டுபிடிக்கல. அவன் பெண்சாதியும் கண்டுபிடிக்கல. இவன் சொல்லலேன்னா இன்னும் ஒரு வருஷம் ஆனாலும் நம்ம யாருக்கும் தெரியாது.”

அடைக்கலராஜ் காதைச் சொறிந்துகொண்டார். பின்பக்கம் போய், முடித்து வைத்திருந்த மேஜைகளின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு வந்தார். “சாயங்காலம் மிச்ச பாலிஷ் எதுவும் ரூம்ல இருக்கக் கூடாது. இங்க என் பீரோவுக்கு வந்து பூட்டணும். காத்தமுத்தோடதும் சேர்த்துத்தான். நீ போற வரைக்கும் நானும் போக மாட்டேன். ஆறு மாசம் இன்னைலேர்ந்து எண்ணிக்க, முன்னால போனதெல்லாம் போச்சு. இன்னொரு தடவைன்னா நீயே வந்து சொன்னாலும் சரி, சொல்லாட்டியும் சரி, வெளிய.”

“சரிங்க.”

உள்ளிருந்து காத்தமுத்து எட்டிப் பார்த்தார். “உன்னால எம் பாட்டிலுக்கும் பூட்டாடா? நல்லா இருப்ப நீ” என்றார். தர்மராஜ் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வேலைக்குள் போனான்.

ஆறு மாதம் என்றால் ஆகஸ்டு. பள்ளிக்கூடம் ஜூனில் திறந்துவிடும். நடுவருஷத்தில் மாற்றிச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அதற்கப்புறம் அடுத்த ஜூன்தான். பஸ்ஸில் திரும்பும்போது அமிர்தம் இதை விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். எப்படி எண்ணினாலும் அடுத்த ஜூன்தான் வந்தது. காவேரிப் பாலத்தில் காற்று அடித்தது. அவள் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தர்மராஜ் தபால் கார்டு ஒன்று வாங்கிவந்தான். எழுதிவிட்டு அவளிடம் நீட்டினான். இரண்டு நாளாக அவள் அவனுடன் பேசவில்லை என்றாலும் கார்டை வாங்கிப் படித்தாள். ‘வள்ளிக்கண்ணுவை இந்த ஜூனில் அழைத்துக்கொள்ள முடியாது. அடுத்த வருஷம் வரை தயவுசெய்து வைத்துக்கொள்ளவும். தப்பு என்னுடையது’ என்று எழுதியிருந்தான்.

“இப்படியா எழுதறது? எங்கண்ணன் தெருத் தெருவா படிச்சுக் காட்டுவாரு.”

“காட்டட்டும்.”

“வேலை மாறிடுச்சு, வீடு மாறப்போறோம்னு ஏதாவது எழுதலாம்ல?”

“நீ எழுதறதுன்னா எழுது.”

அவள் பேனாவை வாங்கினாள். அவன் எழுதியதை அடிக்கவில்லை. கார்டின் அடியில் மீதமிருந்த இடத்தில் பொடி எழுத்தில் எழுதினாள்: ‘வள்ளிக்கண்ணு, ஒரு நூலில் உன் இடுப்பு அளவும் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை உயரமும் எடுத்து முடிச்சுப் போட்டு மாமாவிடம் கொடுத்தனுப்பு. பாவாடை தைக்கிறேன். சித்திரை பிறந்ததும் நாங்கள் இரண்டு பேரும் வந்து பார்க்கிறோம்.’

பிறகு மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தாள். நேற்று வாங்கிவைத்த சிவப்புத் துணியை மடியில் போட்டு அளந்தாள். ஒரு வருஷத்தில் பெண் எவ்வளவு வளரும் என்று அவளுக்குச் சரியாகத் தெரியாது. அடியில் உள்மடிப்புக்கு நாலு விரல் அகலம் விட்டு ஒரு கோடு போட்டாள். அளவு வந்ததும் வெட்டிக்கொள்ளலாம்.

“நாலு விரல் போதுமா?” என்றான் தர்மராஜ், வாசலில் சைக்கிள் துடைத்தபடி.

“பத்தலேன்னா அப்பப் பாத்துக்கலாம். நீங்க போய் கார்டைப் பெட்டியில போட்டுட்டு வாங்க” என்றாள் அமிர்தம்.